இரண்டு தென்மலைகளும் ஒரு கணவாயும்

சங்கரன்கோவிலில் நின்றுகொண்டு 'தென்மலைக்குப் போகிறோம்' என்று சொன்னால், 'எந்தத் தென்மலைக்கு?' என்றே கேட்பார்கள். சிவகிரிக்குப் பக்கத்தில் ஒரு தென்மலை உண்டு. எங்கள் வட்டாரத்தில் ஐம்பூதத் தலங்கள் என்று ஐந்து சிவன் கோயில்களைச் சொல்வது வழக்கம்: சங்கரன்கோவில் மண், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். அந்தக் காற்றுத் தலம் ஒரு தென்மலை. மற்றொன்று மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், கொல்லம் மாவட்டத்தில், படகு விடும் தென்மலை. அதன் பெயரைத் தேன்மலை என்று பிரித்துப் பொருள் சொல்வதே அங்குள்ள வழக்கு. இந்தக் கட்டுரை இரண்டாவது தென்மலையைப் பற்றியது. ஆனால் காற்று இதிலும் வரும்.

சாரல் காலத்தில் எங்கள் ஊர்த் தெருக்களிலிருந்து விடியற்காலையில் வேன்கள் புறப்படும். போகவர ஒரே நாள். குற்றாலத்தில் ஒரு குளியல், பிறகு செங்கோட்டை, புளியரை, வளைந்து ஏறும் மலைச்சாலை, ஆரியங்காவு, பாலருவி, பதின்மூன்று கண் பாலம், தென்மலை நீர்த்தேக்கத்தில் படகு, இருட்டியபின் திரும்புதல். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம். கட்டுச்சோறும் புளியோதரையும் கொண்டுபோனால் செலவும் குறைவு. இதை 'இயற்கையழகைப் பார்க்கப் போவது' என்கிறோம். பார்க்கும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டால், காட்டையும் அருவியையும் தவிர ஏனையவெல்லாம் பிழைப்புக்காக மனிதர் இட்டவை என்பது விளங்கும். சாலை வண்டிச் சரக்குக்காக, பாலம் இரயிலுக்காக, ஏரி பாசனத்துக்காக. நாம் வேடிக்கை பார்க்கும் வழி, நம்முடைய முன்னோர் பாதி வயிற்றோடு நடந்த வழி.

முதலில் நில அமைப்பு. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மேற்குமலை மறுபடியும் சுவராக எழுந்து குமரிமுனை வரை நீள்கிறது. அந்தச் சுவரில் உள்ள தாழ்வான வாசல் இந்தச் செங்கோட்டைக் கணவாய். ஆரியங்காவுக் கணவாய் என்றும் சொல்வர். மலையின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் ஆரல்வாய்மொழி வழியை விட்டுவிட்டால், பாலக்காட்டுக்குத் தெற்கே தமிழகத்தையும் கேரளத்தையும் இரயில் பாதை இணைப்பது இந்த ஓரிடத்தில்தான். தெற்கே அகத்தியமலைத் தொகுதி, வடக்கே பெரியாற்று மலைகள். உயிரியலார் இந்த இடைவெளியை ஓர் எல்லைக்கோடாகவே கொள்கின்றனர். யானைக்கும் புலிக்கும் அக்கரைக் காட்டிலிருந்து இக்கரைக் காட்டுக்குக் கடப்பது இங்கே எளிதன்று. மனிதனுக்கு வாசலாக இருப்பது விலங்குக்குத் தடையாகிவிட்டது.

காற்றுக்கும் இதுவே வாசல். தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதி மழையை அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். எஞ்சிய ஈரம் இந்த இடைவெளி வழியே கசிந்து வருவதே சாரல். குற்றாலத்துக்கு ஆனி ஆடியில் ஒரு பருவம் வாய்த்தது இதனால்தான். அந்த ஈரமும் தென்காசியைத் தாண்டிக் கிழக்கே வர வர வற்றி, சங்கரன்கோவிலுக்கு வரும்போது வெறுங்காற்றாகிவிடுகிறது. எங்களுக்குக் கிடைப்பது புழுதியும் காற்றாலைகளின் சுழற்சியும். நாங்கள் மழைமறைவு நிலத்தார். கிணறும் குளமும் ஐப்பசி கார்த்திகையின் கருணையும் எங்கள் விவசாயம். ஆகவே தென்மலைக்குப் போகும் எங்கள் ஊர்க்காரர் படகில் உட்கார்ந்து முதலில் சொல்லும் சொல் 'எவ்வளவு தண்ணி!' என்பதாகவே இருக்கும். அந்த வியப்பில் கொஞ்சம் பெருமூச்சும் கலந்திருக்கும்.

செங்கோட்டையை இன்று தென்காசி மாவட்டத்து ஊராக மட்டும் அறிந்தவர்களுக்கு ஒரு செய்தி. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநில எல்லைகள் நடைமுறைக்கு வரும்வரை அது திருவிதாங்கூர் நிலம். கடைசிச் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். தமிழ் பேசிய மக்கள், மலையாள நாட்டு மன்னரின் ஆட்சி, மலைக்குக் கிழக்கே ஓர் ஊர். தென்திருவிதாங்கூர்த் தமிழர் நடத்திய போராட்டத்தின் விளைவாக அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. ஆரியங்காவும் தென்மலையும் கேரளத்தில் நின்றன. மலைமுகட்டுக்கு இப்பாலும் அப்பாலுமாக ஒரே ஆட்சியின்கீழ் இருந்த வழியின் குறுக்கே மாநிலக் கோடு விழுந்தது அப்போதுதான். எனவே செங்கோட்டை இலக்கிய வரலாற்றிலும் ஓர் எல்லைப்புற ஊர். வேதாந்தத்தைப் பெண்களின் பாட்டு வழக்கில் கொண்டுவந்த ஆவுடையக்காள் இவ்வூரினர். நாடக மேடையைக் குரலால் ஆண்ட எஸ்.ஜி. கிட்டப்பா 1906இல் இங்கே பிறந்தவர். இவ்வளவு சின்ன ஊருக்கு இது மிகையான செல்வம்தான்.

வாஞ்சிநாதனும் இவ்வூரினரே. மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று இரயில் பெட்டிக்குள் இருந்த ஆட்சியர் ஆஷைச் சுட்டு, தாமும் சுட்டுக்கொண்டு இறந்தார் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்தோம். அவர் வேலை பார்த்தது எங்கே என்பதைப் பாடநூல்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. புனலூரில், திருவிதாங்கூர் வனத்துறையில். செங்கோட்டை வீட்டுக்கும் புனலூர் வேலைக்கும் இடையில் இருப்பது இந்தக் கணவாய். வேன் வளைவுகளில் ஏறும்போது வாஞ்சியை நினைப்பவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. பெரும்பாலும் அந்நேரம் குமட்டலுக்கு எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டிருப்போம்.

புளியரையைத் தாண்டினால் ஏற்றம். பாம்புபோல் வளையும் சாலைக்கு மேலே கோட்டைவாசல் கருப்பசாமி காவல் நிற்கிறார். கோட்டைவாசல் என்ற பெயரே பழைய எல்லைக் காவலின் எச்சம். அப்பாலும் இப்பாலும் போகும் ஓட்டுநர்கள் இன்றும் இவரைக் கும்பிட்டே கடக்கிறார்கள். மாநிலம் மாறினாலும் காவல் தெய்வம் மாறுவதில்லை போலும்.

ஆரியங்காவில் சற்று நிற்க வேண்டும். வேன்காரர்கள் இங்கே பத்து நிமிடம்கூடக் கொடுப்பதில்லை. தேநீர்க் கடையோடு சரி. ஆனால் இந்த வழியின் வரலாறு முழுவதும் சுருண்டு கிடப்பது இக்கோயிலில்தான். 'ஆரியன்' என்பது ஐயனாருக்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று. 'காவு' என்பது சோலை. ஐயனாரின் சோலை. குளத்துப்புழையில் பாலகனாகவும், ஆரியங்காவில் மணவாளனாகவும், அச்சன்கோவிலில் அரசனாகவும், சபரிமலையில் துறவியாகவும் ஒரே சாஸ்தா வீற்றிருப்பதாக நம்பிக்கை. அரிக்கும் அரனுக்கும் பிறந்தவன் என்பதால் அவனுக்கு அரிகரபுத்திரன் என்றும் பெயர். எங்கள் சங்கரன்கோவிலில் அரியும் அரனும் ஒரே திருமேனியில் பாதிப்பாதியாகச் சங்கரநாராயணராக நிற்கிறார்கள். அந்தக் கோலத்தைக் காணவே கோமதியம்மன் ஆடித்தபசு இருந்தாள் என்பது தலபுராணம். பெற்றோர் கரிசல் வெயிலில், பிள்ளை மலைக்காட்டில்! புராணங்கள் இப்படியெல்லாம் ஊர்களைச் சேர்த்துவைக்கத் திட்டமிட்டிருக்க மாட்டா. ஆனாலும் ஒரே நாளில் இரண்டையும் தரிசிப்பவர்க்கு இந்த உறவு இனிக்கத்தான் செய்யும்.

சாத்தன் என்ற பெயரின் வேரைச் 'சாத்து' என்ற சொல்லில் காண்போர் உண்டு. சாத்து என்றால் வணிகர் கூட்டம்; பொதிமாட்டோடு காடு கடந்து போகிறவர்கள். சாத்தர்களின் காவலன் சாத்தன் என்பது அவர்கள் கருத்து. சொல்லாராய்ச்சியாக இதை முடிந்த முடிபென்று சொல்ல முடியாது. சாஸ்தா என்ற வடசொல்லிலிருந்து வந்ததென்று வாதிடுவோரும் உளர். ஆனால் ஆரியங்காவில் நிற்கும்போது முதற்கருத்துக்கே மனம் சாய்கிறது. காரணம் அக்கோயிலின் கதை. மதுரைச் சௌராஷ்டிர நெசவாளர் ஒருவர், திருவிதாங்கூர் அரண்மனைக்குத் துணி விற்கத் தம் மகள் புஷ்கலையுடன் இவ்வழியே சென்றார். மேலே காடு கடுமையாக இருந்ததால் மகளை ஆரியங்காவில் கோயில் பூசகர் வீட்டில் விட்டுச் சென்றார். திரும்பி வரும் வழியில் யானையொன்று அவரைத் துரத்த, வேடன் வடிவில் வந்த சாஸ்தா காப்பாற்றினார். தந்தை மகளைத் தேடி வந்தபோது அவள் இறைவனோடு ஒன்றியிருந்தாள். கதை பலர் வாயில் பலவாறு மாறும், எலும்பு இதுதான்.

இன்றும் மார்கழியில், மண்டல பூசையை ஒட்டி, ஆரியங்காவில் திருக்கல்யாணம் நடக்கிறது. பெண்வீட்டாராக வருபவர்கள் மதுரைச் சௌராஷ்டிர மக்கள். மாப்பிள்ளை வீட்டாராக நிற்பவர்கள் கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவசம் போர்டைச் சேர்ந்தவர்கள். 'பாண்டியன் முடிப்பு' என்ற சடங்கும் உண்டு. சௌராஷ்டிரமும் தமிழும் பேசும் சம்பந்திகளும் மலையாளம் பேசும் சம்பந்திகளும் முறை செய்துகொள்ளும் இந்தக் கல்யாணத்துக்கு நிகராக இரு மாநில உறவைப் பற்றிய ஆவணம் எதுவும் நம் ஆவணக்காப்பகங்களில் இருக்கும் என்று தோன்றவில்லை. நெசவாளர் துணிமூட்டையோடு யானைக்காட்டைக் கடந்தார் என்பதே இதன் அடியிலுள்ள செய்தி. தறி ஓசை நின்றறியாத சங்கரன்கோவிலில் இக்கதையைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

படையும் அரசியலும் மலையைக் கடந்தன. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்ற 1750களிலும் 60களிலும் திருவிதாங்கூரோடு கூட்டுச் சேர்ந்திருந்தார். அவருடைய கோட்டைகள் இருந்த மண் எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். பாண்டியர் கிளையொன்று மலை கடந்து பந்தளத்தில் குடியமர்ந்தது என்ற மரபையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இரயில் வந்தது 1904இல். கொல்லத்திலிருந்து புனலூர் வரை முதலிலும், அவ்வாண்டின் பிற்பகுதியில் செங்கோட்டை வரையிலும் மீட்டர் பாதை திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து சுரங்கங்கள். கழுதுருட்டியில் சாலையோரமாகவே கருங்கல் வளைவுகள் பதின்மூன்றின்மேல் ஒரு பாலம். வேன்கள் நிற்கும், படம் எடுத்துக்கொள்வார்கள். அழகான கட்டுமானம் என்பதில் ஐயமில்லை. மேற்கே புனலூரில் கல்லடையாற்றின் மேல் 1877இல் எழுந்த தொங்குபாலமும் அத்தகையதே. அதன் உறுதியைக் காட்ட ஆறு யானைகளை மேலே நடக்கவிட்டுப் பொறியாளர் தம் குடும்பத்தோடு பாலத்தின் அடியில் படகில் இருந்தார் என்று ஒரு செவிவழிக் கதை உண்டு. (உண்மையோ அன்றோ, இந்த மலைவழியில் படகின் முதல் புகழ் அதுவாகத்தான் இருக்கும்.) அகலப்பாதைப் பணிக்காகச் செங்கோட்டை - புனலூர்ப் பகுதி 2010இல் மூடப்பட்டு, 2018இல்தான் மீண்டும் முழுமையாகத் திறந்தது. பழைய வளைவுகளை இடிக்காமல் வலுப்படுத்திப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சென்னை - கொல்லம் வண்டி விருதுநகர், இராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி வழியாக இந்தப் பாலத்தின் மேல்தான் போகிறது. எட்டு ஆண்டுகள் வண்டியில்லாமல் கிடந்த காலத்தில் எங்கள் பகுதியிலிருந்து கொல்லத்துக்கும் புனலூருக்கும் கூலிவேலைக்குப் போனவர்கள் பட்டபாடு தனிக்கதை.

இனித் தென்மலை. நாம் படகு ஏறும் நீர்ப்பரப்பு ஏரியன்று. குளத்துப்புழை, செந்துருணி, கழுதுருட்டி ஆகிய ஆறுகள் கூடிக் கல்லடையாறாகும் பரப்பாறு என்னுமிடத்தில் எழுப்பிய அணையின் தேக்கம். கல்லடைப் பாசனத் திட்டம் 1961இல் தொடங்கியது. அணை முடிந்தது 1986இல். சுற்றியுள்ள சுமார் 170 சதுர கிலோமீட்டர் காடு 1984இல் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் என அறிவிக்கப்பட்டது. செங்குறிஞ்சி என்ற மரத்தின் பெயரே காட்டுக்கு ஆயிற்று. தென்கோடி மேற்குமலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத மரம் அது. குறிஞ்சித் திணையை வகுப்பில் நடத்துகிறவர்கள் பூவைக் காட்டக் கொடைக்கானலுக்கு மாணவரை அழைத்துப் போகிறோம். பெயரிலேயே குறிஞ்சியைச் சுமக்கும் இந்த மரத்தை ஒருமுறை காட்டலாம். இப்பள்ளத்தாக்கிலுள்ள பாறைக் குகையில் இடைக்கற்கால மனிதரின் எச்சங்களும் ஓவியங்களும் கண்டறியப்பட்டுள்ளன. அணைக்கும் அரசருக்கும் சாத்துக்கும் முன்பே இங்கே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

படகுப் பயணம் அமைதியானது. உயிர்காப்பு உடுப்பை மாட்டச் சொல்வார்கள். முணுமுணுக்காமல் மாட்டிக்கொள்ள வேண்டும். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை மறந்துவிடக் கூடாது. யானை வந்தால் நல்வாய்ப்பு. வராவிட்டால் நீர்க்காகம் உறுதி. கோடையில் நீர் இறங்கினால் கரை நெடுகச் செம்மண் பட்டை ஒன்று தெரியும். அந்தப் பட்டைக்குக் கீழே இருந்ததும் காடுதான். மிதப்பது நீரின்மேல் மட்டுமன்று.

அணை எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த நெல்வயல்கள், கால்வாய் போய்ச் சேர்வதற்குள் பல இடங்களில் இரப்பராகவும் தென்னையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. திட்டச் செலவு தொடக்க மதிப்பீட்டைப் பன்மடங்கு விஞ்சியது. கேரளத்திலேயே இதைக் குறை கூறுவோர் பலர். இதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்துச் செண்பகவல்லி அணைக்கட்டும் நினைவுக்கு வரும். வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலைமேல், திருவிதாங்கூரோடு செய்த உடன்பாட்டின்படி, மேற்கே போகும் ஓடைநீரில் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்ப ஜமீன் காலத்தில் எழுந்த சின்னத் தடுப்புச்சுவர் அது. உடைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. இடம் கேரள வனத்துக்குள் இருப்பதால் சீரமைப்பு மனுக்களாகவே நின்றுவிட்டது. தேர்தல்தோறும் மேடையேறி இறங்கும். மேற்கே ஓடும் நீரெல்லாம் வீண் என்று நம்மவர் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை. காட்டுக்கும் ஆற்றுக்கும் காயலுக்கும் அது வேண்டும். ஆனால் அரசர் காலத்தில் இரு தரப்பும் பேசி முடித்த ஒரு சுவரை, மக்களாட்சியில் இரண்டு அரசுகள் பேசி எழுப்ப முடியவில்லை என்பது எந்த வாதத்துக்கும் அடங்காத வெட்கம்.

நீர்த்தேக்கத்தின் ஒரு கிளை குளத்துப்புழைப் பக்கம் நீள்கிறது. அங்கே சாஸ்தா கோயில் கடவில் மீன்களுக்குப் பொரி போடுவதைப் பலரும் அறிவர். அதற்கு அப்பாலுள்ள இரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர் குறைவு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக நின்ற 9,75,000 தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. கேட்காமலேயே பங்கிடப்பட்ட மக்கள். அவர்களில் சில நூறு குடும்பங்களுக்கு வேலை கொடுக்க, மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து மறுவாழ்வுத் தோட்டக் கழகம் ஒன்றை 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைத்தன. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் காடு இரப்பராயிற்று. தேயிலைக் கொழுந்து பறித்துப் பழகிய கைகள் பால் வெட்டக் கற்றுக்கொண்டன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஞ்ச காலங்களில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் திருநெல்வேலியும் ஒன்று. மழை பொய்த்த கரிசலிலும் செவலிலும் இருந்து கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள், நூறாண்டு கழித்துக் கப்பலில் திரும்பியபோது, அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைத்த இடம் பழைய ஊருக்கு நேர் எதிரே மலையின் ஈரமான பக்கம். பிறந்தது ஒரு நாடு, குடியுரிமை ஒரு நாடு, குடியிருப்பது வேறு மொழி பேசும் மாநிலம், வீட்டில் பேசுவது தமிழ். மலையக இலக்கியத்தைப் பற்றி நாம் எழுதும்போது கொழுந்துக்கூடையோடு நிறுத்திவிடுகிறோம். நீலகிரிக்குத் திரும்பியவர்களையாவது சிலர் எழுதியிருக்கிறார்கள். தென்மலைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் இவர்களைத் தமிழ்ச் சிறுகதை இன்னும் போதிய அளவு கண்ணெடுத்துப் பார்க்கவில்லை என்பதே நம் எண்ணம். எங்கள் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஆய்வுத்தலைப்புக்குத் தவிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு நூல் காத்திருக்கிறது.

திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். ஆரியங்காவிலிருந்து இறங்கி வரும் வழியெங்கும் எதிரே சரக்கு லாரிகள் ஏறிக்கொண்டிருக்கும். வைக்கோல் கட்டுகள் இருபுறமும் பிதுங்க, பின்னால் வருபவருக்கு வழி தெரியாமல் நகரும் லாரிகள், பாவூர்சத்திரத்துச் சந்தையிலிருந்து காய்கறி, கல்லும் மணலும். ஓணம் நெருங்கினால் சங்கரன்கோவில் பூச்சந்தையிலிருந்து பிச்சியும் மல்லிகையும் ஏற்றிய வண்டிகள் பொழுது விடிவதற்குள் அக்கரை சேர விரைந்துகொண்டிருக்கும். புளியரைச் சோதனைச்சாவடியில் அவை வரிசையில் நிற்கும்; ஓட்டுநர்கள் இறங்கித் தேநீர் குடிப்பார்கள். ஒருவர் தமிழில் கேட்க மற்றவர் மலையாளத்தில் பதில் சொல்வார். இருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை.